கருவேலங்குடி மேசை

மன்னார்குடிக்கு வெளியே, வயல்களுக்கு நடுவே நிற்கும் அந்தக் கல்லூரியின் பெண்கள் விடுதி ஒரு காலத்தில் நெல் கிடங்காக இருந்த கட்டடம். சுண்ணாம்பு அடித்து, ஜன்னல் வெட்டி, மின்விசிறி மாட்டிவிட்டார்கள். ஆயினும் மூட்டை மூட்டையாய் நெல் அடுக்கிக் கிடந்த காலத்து இருட்டு அதன் மூலைகளை விட்டு முழுவதும் விலகவில்லை. வெயில் தாழ்ந்தால் சாப்பாட்டுக் கூடத்தில் பழைய உமியின் வாடை எழும். முதலாண்டு மாணவிகள் வந்து இறங்கிய திங்கட்கிழமையும் எழுந்தது. பெட்டியும் படுக்கையும் பக்கெட்டுமாகத் தகப்பன்மார் படியேறினார்கள். தாய்மார் ஜன்னல் கம்பிகளைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார்கள். பெண்கள் அழுகையை விழுங்கிக்கொண்டு, "நீங்க கெளம்புங்க, பஸ் போயிடும்" என்றார்கள்.

அவர்களை வரவேற்கும் பொறுப்பு மூன்றாம் ஆண்டு மாணவி சுடர்விழியுடையது. அவள் மேடையேறிப் பேசினால் கடைசி வரிசையும் நிமிர்ந்து உட்காரும். சென்ற ஆண்டு முதல் வாரத்திலேயே சில பெண்கள் வீட்டு ஏக்கம் தாளாமல் படிப்பை விட்டுப் போனதை அவள் மறக்கவில்லை. படிக்க வந்த ஒருத்தி பாதியில் திரும்பினால், அவளுக்குப் பின்னால் அந்த வீட்டில் எத்தனை கதவுகள் அடைபடும்? இந்த ஆண்டு ஒருத்தியும் திரும்பக் கூடாது என்று உறுதி பூண்டாள். அதற்கு வழியும் கண்டாள். சாப்பாட்டு மேசைகளில் ஊர்களின் பெயர்களை எழுதி வைப்பது. ஒரே ஊர்ப் பெண்கள் ஒன்றாக உட்கார்ந்து உண்டால் ஊர் நினைப்பு வாட்டாது அல்லவா?

அட்டைகளை நிறுத்திக்கொண்டிருந்தபோது விடுதிக் காப்பாளர் ஈஸ்வரி வந்து நின்றார்.

"இதையெல்லாம் எடுத்துடு சுடர்."

"ஏன் மேடம்? பிள்ளைங்களுக்குத் தெம்பா இருக்குமே."

"மேசைக்கு ஊர்ப் பேரு வேணாம். இங்க ஒரு தடவை வெச்சுப் பாத்தாச்சு."

கூடத்தின் கடைசி மேசையை ஒரு கணம் பார்த்துவிட்டு, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு போய்விட்டார்.

"மேடத்துக்குப் பொரியல் கவலைடி," என்று சிரித்தாள் தோழி ஷம்சாத். "ஊர்க்காரிங்க ஒண்ணு கூடிட்டா கேட்டுக் கேட்டு வாங்கித் திம்பாளுங்க."

காரணம் சொல்லாத தடையைச் சுடர்விழி ஒருநாளும் மதித்தவள் அல்லள். அட்டைகள் நின்றன.

அன்றைய சாப்பாடு திருவிழாவாக நடந்தது. சுடர்விழி மைக்கைப் பிடித்தாள். "தோழியரே, இந்தக் கூடத்தில் மேலோர் இல்லை, கீழோர் இல்லை. பசித்தவர்கள் இருக்கிறார்கள், பந்தி இருக்கிறது. வாருங்கள், உட்காருங்கள், இது உங்கள் வீடு" என்றாள். கைதட்டல் தகரக் கூரையில் மோதித் திரும்பியது.

மறுநாள் கடைசி மேசையில் ஒருத்தி மட்டுமே இருந்தாள்.

அது கருவேலங்குடி மேசை. நன்னிலம் பக்கத்துச் சிற்றூர் அது. அங்கிருந்து வந்திருந்த நால்வரில் மூவர் தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த மேசைக்கு நகர்ந்துவிட்டார்கள். சண்டை இல்லை, சொல் இல்லை, சுளித்த முகம்கூட இல்லை.

"ஏன் ஜெயபாரதி, அங்க உக்காரலயா?" என்று அந்த மூவரில் ஒருத்தியைக் கேட்டாள் சுடர்விழி.

"அங்க ஃபேன் காத்து வரலக்கா."

கடைசி மேசைக்கு மேலே மின்விசிறி கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. ஜெயபாரதி தட்டை விட்டுக் கண்ணை உயர்த்தவில்லை. சுடர்விழிக்கோ பாட்டுப் போட்டி, கோலப் போட்டி, வரவேற்பு நாடகம் என்று தலைக்கு மேல் வேலை. நம்பினால் வேலை நடக்கும் என்பதால் நம்பினாள்.

தனித்து விடப்பட்டவள் பெயர் செம்மொழி. அவள் வீட்டிலிருந்து கல்லூரி வாசலை மிதித்த முதல் பெண். வாரத்தின் நடுவே, விளக்கு வைக்கும் வேளையில்தான் சுடர்விழிக்கு அவளருகே போய் நிற்க நேரம் வாய்த்தது.

"தனியாவா சாப்பிடுற?"

"இல்லக்கா. அந்த அக்கா வந்து உக்காருவாங்க."

"எந்த அக்கா?"

"பேரு கேக்கல. தலை எப்பவும் ஈரமா இருக்கும். துவட்டவே மாட்டாங்க."

"எந்த டிபார்ட்மெண்ட்?"

"தெரியலக்கா. அவங்க சாப்பிட மாட்டாங்க. நான் சாப்பிடுறதையே பாத்துக்கிட்டு இருப்பாங்க." செம்மொழியின் குரல் தாழ்ந்தது. "நல்லவங்க. ஊருக்குப் போயிடலாமான்னு கேக்குறாங்க. தானே கூட்டிட்டுப் போறேங்குறாங்க."

கேட்டபடியே சுடர்விழி பெஞ்சில் கையை ஊன்றினாள்.

பலகை நனைந்திருந்தது.

விரலை முகர்ந்தாள். குழாய்த் தண்ணீர் அன்று. காய்ந்து கிடக்கும் ஆற்று மணலில் முதன்முதலாய் நீர் புரளும்போது கிளம்புமே, மண்ணும் சருகும் மக்கிய வேரும் கலந்த வாடை, அந்த வாடை.

ஆற்றில் இன்னும் தண்ணீர் வந்திருக்கவில்லை.

அப்போதே காப்பாளர் அறைக்குப் போனாள். ஈஸ்வரி கதவைச் சாத்திவிட்டுத்தான் வாய் திறந்தார்.

"மலர்க்கொடின்னு ஒரு பொண்ணு. நான் வேலைக்கு வர்றதுக்கு முந்தி. இதே மாதிரி மேசைக்கு ஊர்ப் பேரு வெச்சாங்களாம். மத்தவங்களுக்கு அவ யாரோ ஒரு பொண்ணு. அவ ஊர்க்காரப் பொண்ணுங்களுக்குத்தான் அவ எந்தத் தெருன்னு தெரியும். ஊரைக் கூட்டி உக்கார வெச்சா தெருவும் கூடவே வந்து உக்காரும், அத யாரும் யோசிக்கல. கடைசி மேசையில அவள மட்டும் தனியா விட்டுட்டு எந்திரிச்சுப் போயிட்டாளுங்க."

"அப்புறம்?"

"ஆத்துல புதுத்தண்ணி வந்த அன்னிக்கு, ஊருக்குப் போறேன்னு பையை எடுத்துக்கிட்டு எறங்கினா. பஸ்ஸுக்குப் போகல." ஈஸ்வரி கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டார். "எந்தப் பொண்ணாவது அந்த மேசையில தனியா உக்காந்து சாப்பிட்டா, பக்கத்துல பெஞ்சு ஈரமாகும். நானே பாத்திருக்கேன்."

"முன்னாடியே ஏன் மேடம் சொல்லல?"

"சொன்னா நம்பியிருப்பியா? மேடைக்கு மேடை பேயில்ல பிசாசில்லன்னு பேசுறவ நீ."

சுடர்விழி கூடத்துக்கு ஓடி அட்டைகளை அள்ளிக் கிழித்தாள். பெண்கள் அட்டை இருந்த இடத்தைப் பார்த்தார்கள், பிறகு அவரவர் இடத்திலேயே உட்கார்ந்து உண்டார்கள். எழுதியதைக் கிழிக்கலாம். தெரிந்துகொண்டதை எப்படிக் கிழிப்பது?

அடுத்த நாள் மாலை தண்ணீர் வந்தது.

விடுதிக்குப் பின்னால் ஓடும் பாமணியாற்றின் கரையில் ஊரே திரண்டது. சருகும் நுரையும் தள்ளிக்கொண்டு, நாக்கை நீட்டி நீட்டி மணலை நக்கியபடி ஊர்ந்து வந்தது கலங்கல் நீர். விவசாயிகள் பூத் தூவினார்கள். நெல்மணி தூவினார்கள். கன்னத்தில் போட்டுக்கொண்டு, வா தாயே வா என்றார்கள். எந்தெந்தத் தெருவைத் தொட்டு வந்தாய் என்று அந்தத் தண்ணீரை ஒருவரும் கேட்கவில்லை.

விடுதிப் பெண்கள் கரையெங்கும் சிரித்துக்கொண்டு நின்றார்கள். சுடர்விழி முகம் முகமாகத் தேடினாள்.

செம்மொழி இல்லை.

திரும்பி ஓடினாள். கூடத்தில் மின்சாரம் போயிருந்தது. ஜன்னல்களில் மட்டும் மங்கிய மாலை ஒட்டிக்கொண்டிருக்க, உள்ளே கிடங்கின் இருட்டு தன் பழைய இடத்தைப் பிடித்திருந்தது. கடைசி மேசையில் செம்மொழி, மடியில் பையோடு. அவளுக்கு அப்பால் பெஞ்சு வெறுமையாகத்தான் தெரிந்தது.

ஆனால் அங்கிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

சொட்.

சொட்.

"கெளம்பிட்டேன்க்கா," என்றாள் செம்மொழி அமைதியாக. "ஆத்து வழியா குறுக்கால போனா பஸ்ஸப் புடிச்சிடலாமாம். இவங்க கூட வராங்க."

ஆயிரம் பேரை எழுந்து நிற்கவைத்த நாக்கு சுடர்விழிக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. சமையற்கட்டுக்குள் தட்டுத் தடுமாறிப் போய், ஒரே தட்டில் சோற்றையும் ரசத்தையும் போட்டுக்கொண்டு வந்து, செம்மொழியின் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தாள். முதல் கவளத்தைத் தானே பிசைந்து உண்டாள்.

"சாப்பிட்டுட்டுப் போ. நானும் உன்ன மாதிரிதான்டி. திருவிடைமருதூர் பக்கம். எங்க தெருவும் ஊருக்கு வெளியதான்."

செம்மொழி முதன்முறையாக அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"உங்க ஊர்க்காரங்க யாரும் இங்க இல்லையாக்கா?"

"இல்ல."

"அதான்."

இத்தனை நாள் வாங்கிய கைதட்டலை அந்த ஒரு சொல் தரையில் கொட்டியது.

பெஞ்சு கிரீச்சிட்டது. அப்பக்கம் உட்கார்ந்திருந்த பாரம் எழுந்தது. ஈரக் காலடியின் ஓசை பின்வாசல் வரை நடந்தது. அங்கே நின்றது.

காத்திருந்தது.

"சாப்பிடு," என்று கிசுகிசுத்தாள் சுடர்விழி.

செம்மொழி சாப்பிட்டாள். அவளுடைய விரல்களும் சுடர்விழியின் விரல்களும் ஒரே தட்டில் உரசிக்கொண்டன.

"அக்கா, அவங்க அழுவுறாங்க."

"ஏன்?"

"தெரியல. நம்ம தட்டப் பாத்து அழுவுறாங்க."

தட்டு காலியானபோது விளக்குகள் எரிந்தன. பின்வாசலில் ஒருவருமில்லை.

ஆற்றிடமிருந்து அவளை மீட்டாயிற்று. கல்லூரிக்கு மீட்க முடிந்ததா? காலையில் செம்மொழியின் தந்தை ரெத்தினம் வந்து, போட்ட நாற்காலியில் உட்காராமல் வாசலிலேயே நின்றார்.

"போன்ல ஒரே அழுவைம்மா. படிப்பு வேணாங்குது. என்னத்த செய்யச் சொல்றீங்க? வீட்டுல கண்ணு முன்னாடி இருக்கட்டும்."

"நான் பாத்துக்கறேங்க அப்பா. தினமும் நான் இவகூட உக்காந்து சாப்பிடுறேன்."

பதில் செம்மொழியிடமிருந்து வந்தது. "அடுத்த வருஷம் நீங்க இருக்க மாட்டீங்களேக்கா." கோபமில்லாமல்தான் சொன்னாள். நன்னிலம் பஸ்ஸின் படியில் தந்தை பையை ஏற்ற, பின்னால் ஏறிப் போய் உட்கார்ந்துகொண்டாள். கருவேலங்குடியில் அவளுக்குப் பின்னால் படிக்க இருந்த தங்கைமாரின் கதவுகள் அடைபடும் ஓசை சுடர்விழியின் காதில் விழுந்தது. உண்மையில் அது பஸ் கிளம்பிய ஓசைதான்.

மதியம் கூடம் நிரம்பி வழிந்தது. அப்பளம் நொறுங்கியது, சிரிப்பு அலையடித்தது, ஷம்சாத் சாம்பார் வாளியோடு மேசைக்கு மேசை வம்பளந்து திரிந்தாள். கடைசி மேசையில் ஜெயபாரதி உட்கார்ந்திருந்தாள். யாரும் அனுப்பவில்லை. தன் தட்டைத் தானே தூக்கிக்கொண்டு, தோழியர் இருவரையும் விட்டுவிட்டு அங்கே போயிருந்தாள். கூட எவளும் போகவில்லை.

மனம் இளகி, தன் தட்டை எடுத்துக்கொண்டு அவளை நோக்கி நடந்தாள் சுடர்விழி. நெருங்க நெருங்க அவளுடைய நடை தளர்ந்தது. ஜெயபாரதியின் முகத்தில் ரத்தமே இல்லை. பிசைந்த சோறு கையிலேயே நின்றிருக்க, பக்கத்து வெற்றிடத்திலிருந்து கண்ணை எடுக்காமல், உதடு மட்டும் அசையப் பேசினாள்.

"அக்கா... இவங்க செம்மொழி எங்கன்னு கேக்குறாங்க. நான் என்ன சொல்ல?"

காலையிலிருந்து அந்தக் கேள்வியை, உயிரோடு இருந்த ஒருத்தியும் அந்தக் கூடத்தில் கேட்டிருக்கவில்லை.