ஹரிக்கேனுக்கு ஒரு பிடி மண்

விமானத்தின் கண்ணாடி மூடி உள்பக்கமாகப் பூத்திருந்தது.

பிரியதர்ஷினி முதலில் தன்னைத்தான் திட்டிக்கொண்டாள். பிளாஸ்டிக் மாடல் செய்கிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. விமானி உட்காரும் இடத்தின் மேல் வருகிற அந்தச் சின்னக் கண்ணாடி மூடியை ஒட்டும்போது சூப்பர் க்ளூ பக்கத்திலேயே இருக்கக் கூடாது. அதன் ஆவி உள்ளே புகுந்தால் பனி படிந்த மாதிரி வெளுத்துவிடும், ஒட்டிய பிறகு துடைக்கவும் வழியில்லை, மாதக்கணக்கான உழைப்பு அவ்வளவுதான். அதனால்தான் ஃபெவிகாலைத் தண்ணீரில் கரைத்துப் பல்குச்சி நுனியால் தொட்டுத் தொட்டு ஒட்டியிருந்தாள். பகலெல்லாம் பல் லேபில் உட்கார்ந்து ஊரார் கடைவாய்ப் பல்லுக்கெல்லாம் செராமிக் பூசுகிற கை. அதில் தவறு வர வாய்ப்பே இல்லை.

விளக்கை இழுத்துப் பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்தாள். மூடி முழுக்கப் பூக்கவில்லை. முன்பக்கம், விமானி இருந்தால் அவன் முகம் வரக்கூடிய உயரத்தில், ஒரு வட்டம் மட்டும் வெளுத்திருந்தது. உள்ளே இருக்கை காலி. அவள் எந்த மாடலிலும் விமானி பொம்மை வைப்பதில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த வட்டம் சுருங்கி மறைந்தது, கொஞ்சம் பொறுத்து மறுபடி விரிந்தது. ஐப்பசி மழை, ஈரக்காற்று, வேறு என்ன என்று சொல்லிக்கொண்டு அவள் டீ போடப் போனாள்.

கடை கடையாய் அலைந்து வாங்கிய மாடல் அது. உலகப்போர் காலத்து ஹரிக்கேன் சண்டை விமானம். இராதாபுரத்துக்குக் கிழக்கே, அவர்கள் குடும்பத்துப் பனங்காட்டில், போர் நடந்த காலத்தில் இப்படியொன்று இலங்கைப் பக்கமிருந்து வழி தப்பி வந்து விழுந்ததாக அண்ணன் மாரிராஜ் சொன்ன நாளிலிருந்து அவளுக்கு வேறு நினைப்பில்லை. அம்மா இறந்ததும் பாளையங்கோட்டை ஹாஸ்டலில் சேர்ந்து, படிப்பு, வேலை, வாடகை வீடு என்று இங்கேயே தங்கிவிட்டவள். ஊர்க்கதை ஒன்றும் தெரியாது. இந்த ஒரு கதை தனக்கும் ஊருக்கும் நடுவே கிடைத்த சொத்து மாதிரி இருந்தது.

அதைப் பற்றி ஓராண்டாகத் தேடினாள். இந்தப் பக்கம் பறந்த விமானங்களின் இறக்கை வட்டத்தில் நடுவே இருக்கும் சிவப்புப் பொட்டை அழித்துவிட்டிருந்தார்கள் என்று கண்டுபிடித்தபோது ஊருக்கே சொல்ல வேண்டும்போல் இருந்தது. சிவப்பைப் பார்த்து ஜப்பான்காரன் என்று நினைத்துச் சொந்த ஆளே சுட்டுவிடக் கூடாதாம். அந்த வட்டத்தின் நீலத்தைக் கலந்து கலந்து சரியாகக் கொண்டுவந்தாள். மூக்கு நொறுங்கி, ஒரு இறக்கை மண்ணில் புதைந்து, அது விழுந்து கிடந்த கோலத்தையே செய்வதாகத் திட்டம். அதற்கு ஊர்ப்பக்கத்துச் சிவந்த தேரி மண்ணின் நிறம் சரியாக வேண்டும். அண்ணனிடம் ஒரு போட்டோ கேட்டாள்.

"போட்டோ எதுக்கு ஏட்டி? மண்ணையே கொண்டு வாரேன்" என்றான் மாரிராஜ்.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. தான் பத்தாவதோடு நின்று அவளைப் படிக்க வைத்த அண்ணன். அவள் பொம்மை விமானத்துக்காகப் பஸ் ஏறி வருகிறான். வந்தவன் செருப்பில்லாமல் வந்தான். மண் புது மஞ்சள் துணியில் கட்டியிருந்தது. அதைத் தரையில் வைக்கவே இல்லை. தண்ணீர் கொடுத்தாள், குடிக்கவில்லை.

"ஒன் வாயால கேளு" என்றான்.

"என்னத்தண்ணே கேக்கணும்?"

"மண்ணைத் தா அண்ணேன்னு கேளு ஏட்டி."

சிரித்துக்கொண்டே கேட்டாள். இரண்டு கையாலும் கொடுத்தான். வாசலில் இறங்கும்போது, "நான் போறேன்" என்றான். வாரேன் என்றுதான் அவர்கள் வீட்டில் எப்போதும் சொல்வார்கள். தெருமுனை தாண்டும் வரை அவன் திரும்பியே பார்க்கவில்லை, மகளுக்கு உடம்பு சரியில்லாத கவலையாக இருக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

மண்ணைச் சலித்து, பலகையில் பசை தடவித் தூவி, விமானத்தை அதில் சாய்த்து வைத்த மறுநாள்தான் கண்ணாடி பூத்தது.

சனிக்கிழமை லேபில் அரைநாள்தான். அவள் வீடு வந்து சேர்ந்ததும் மழை பிடித்துக்கொண்டது. ஜன்னலையெல்லாம் சாத்தினாள். கரண்ட் போனது. சாத்திய வீட்டுக்குள் மதிய வெளிச்சம் அழுக்குத் தண்ணீர் நிறத்தில் நிற்க, ஓட்டுச் சார்ப்பில் மழை இரைய, எங்கிருந்தோ ஒரு வாடை பைய வந்து அறையில் உட்கார்ந்தது. முதலில் பெயிண்ட் தின்னர் என்று நினைத்து மூடியைத் திருகிப் பார்த்தாள், பிறகு பக்கத்து வீட்டு ஸ்கூட்டரோ என்று நினைத்தாள், ஆனால் அதில் பெட்ரோலோடு காய்ந்த பனையோலை கருகுகிற நெடியும், சூடான இரும்பில் தண்ணீர் பட்ட நெடியும், அதற்கெல்லாம் அடியில் பயந்துபோன ஆளின் வேர்வை வாடையும் இருந்தது.

அப்புறம் சத்தம். டக், டக். நகத்தால் தட்டுகிற அளவு சின்னச் சத்தம். பல்லி என்று நினைத்தாள். சத்தம் மேசையிலிருந்து வந்தது.

டார்ச் அடித்தாள். கண்ணாடி மூடி முழுக்க வெளுத்திருந்தது. அந்த வெள்ளையில், உள்பக்கம், குறுக்கே ஒரு கோடு. உள்ளேயிருந்து யாரோ கையால் துடைத்துப் பார்த்த கோடு. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மறுபடி பூத்து மூடியது.

அவள் பயந்துபோனாள். ஆனாலும் கைப்பழக்கம் முன்னால் போனது. ஃபெவிகால்தானே, தண்ணீர் விட்டால் விட்டுவிடும். தண்ணீர் தொட்டு வைத்தாள், பிளேடு நுனியைச் சந்தில் கொடுத்தாள். சந்தே இல்லை. மூடியும் உடலும் ஒரே வார்ப்பாகச் சேர்ந்திருந்தன. தட்டுவது வேகமானது. அவள் பிளேடை எடுத்ததும் அது நின்றது. மறுபடி வைத்ததும் வெறி பிடித்த மாதிரி தட்டியது.

பலகையோடு தூக்கி வெளியே எறிந்துவிடலாம் என்று வாசலுக்கு ஓடினாள். கதவு வரவில்லை. மழைக்குக் கதவு ஊதிக்கொள்வது வழக்கம்தான், தோளால் இடித்தாலும் அசையாதது வழக்கமில்லை. பின்கதவும் அப்படியே. அப்போதுதான் கவனித்தாள், மாடியேறியவள் மாதிரி தனக்கு மூச்சு வாங்குகிறது.

அண்ணனுக்குப் போன் போட்டாள். சின்ன வயதிலிருந்து பயம் வந்தால் அவனைத்தான் கூப்பிட்டுப் பழக்கம்.

"அண்ணே, கதவு தெறக்க மாட்டேங்கு. நீ கொண்டாந்த மண்ணு... அதுல என்னமோ இருக்கு."

அந்தப் பக்கம் மழைச் சத்தம்.

"தெரியும் ஏட்டி" என்றான் மாரிராஜ்.

"என்ன தெரியும்?"

"அது பிடிமண்ணு." அவன் அழுதுகொண்டிருந்தான். "ப்ளேன் விழுந்தப்ப அந்தப் பைலட்டு சாவல. கண்ணாடி இறுகிப்போயி உள்ள மாட்டிக்கிட்டான். சாயங்காலம் வரைக்கும் தட்டியிருக்கான். நம்ம அப்பாவோட தாத்தா பலவேசம்தான் கிட்டத்துல நின்னது. கையில அருவா இருந்திருக்கு. வெடிச்சிரும்னு பயந்து பாத்துக்கிட்டே நின்னுட்டாரு. அதுலேருந்து நம்ம வீட்டுலதான். தலைமுறைக்கு ஒருத்தரு. மூச்சு முட்டி."

"அம்மாக்கு ஆஸ்துமான்னுல சொன்னீய?"

அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு மேலே சொன்னான்.

"அங்கன அவனுக்குப் பீடம் வச்சு, சுருட்டும் சாராயமும் வச்சுக் கும்பிட்டுப் பாத்தாச்சு. இப்ப எம்மவளப் புடிச்சிட்டு. ராத்திரியெல்லாம் மூச்சு இழுக்கா, நாலு வயசுப் புள்ள. பிடிமண் எடுத்து வேற எடத்துல வச்சா அங்கன போயிரும்னாங்க. சும்மா வைக்கக் கூடாது, ரத்த சொந்தம் கேட்டு வாங்கணும்னாங்க. நீ அதுக்கு ப்ளேனையே செஞ்சு வச்சிருந்த. உக்கார எடமும் விட்டு வச்சிருந்த."

மூச்சுக்குத் தவிக்கிற அந்த நேரத்திலும் அவளுக்குப் பயத்தைவிட அதுதான் வலித்தது. ஓராண்டு. எத்தனை போன். எங்கே விழுந்தது, எந்தப் பக்கம் சாய்ந்தது, எவ்வளவு தூரம் இழுத்தது என்று அவள் கேட்கக் கேட்க அவன் பொறுமையாகச் சொன்னதெல்லாம் இதற்குத்தான். ஒவ்வொரு கேள்விக்கும் சந்தோஷப்பட்டாளே.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமேண்ணே" என்றாள். "புள்ளைக்காகன்னு கேட்டிருந்தா நானே வாங்கியிருப்பனே."

"தெரியும். அதான் கேக்க முடியல."

"இப்ப வா. கதவை ஒடை. எனக்கு மூச்சு வரல."

"இங்கனதான் நிக்கேன்" என்றான்.

ஜன்னலுக்குப் போனாள். கண்ணாடி வெளுத்திருந்தது. உள்பக்கம். முந்தானையால் துடைத்தாள். கேட்டுக்கு வெளியே, குடைக்குக் கீழே, காதில் போனோடு மாரிராஜ். இடுப்பில் மகள் முத்துராணி. டாக்டரிடம் காட்ட வந்தவர்கள்போல் பிள்ளைக்குக் குல்லா போட்டிருந்தது. பிள்ளை நன்றாக மூச்சு விட்டது. பிஸ்கட் தின்றுகொண்டிருந்தது.

தாழ்ப்பாளை இழுத்தாள். வரவில்லை. மேசையிலிருந்த சுத்தியலை எடுத்துக் கம்பிக்கிடையில் விட்டு அடித்தாள். கண்ணாடி அடிபடுகிற ஒலி இல்லை. தடித்த பிளாஸ்டிக்கைத் தட்டுகிற மொத்தையான ஒலி. கீறல்கூட விழவில்லை.

கையால் தட்டினாள்.

"அண்ணே."

மாரிராஜ் குனிந்தான். குடை சரிந்தது. தெருவோரம் கிடந்த கல்லை எடுத்தான், பெரிய கல். கேட்டைத் திறந்து ஜன்னலுக்கு வந்தான். இப்போது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு கை தூரத்தில் அவன் முகம். கையில் கல்.

வெளியேயிருந்து அடித்தால் உடைந்துவிடும். அவளுக்கு அது நிச்சயமாகத் தெரிந்தது. அவனுக்கும் தெரிந்தது, அவன் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"அப்பா, அத்த தட்டுதா" என்றது பிள்ளை. சொன்னதும் அதற்கு இருமல் வந்தது. ஒரே ஒரு இருமல்.

மாரிராஜ் மகளைப் பார்த்தான். தங்கையைப் பார்த்தான். பிள்ளையின் முகத்தைத் தன் தோளில் புதைத்துக்கொண்டான். கல்லைப் பையக் கீழே வைத்தான்.

போகவில்லை. நின்றான். பார்த்துக்கொண்டே நின்றான்.

அவள் தட்டினாள். உள்ளங்கையால். முட்டியால். நகத்தால். பெட்ரோல் நெடி தொண்டைவரை. கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கண்ணாடியில் அவள் மூச்சு பட்ட இடம் வட்டமாகப் பூத்தது. சின்ன வட்டம். அடுத்தது இன்னும் சின்னது.

கை ஓய்ந்து விழுந்தது.

தட்டுகிற சத்தம் நிற்கவில்லை. அவள் காதுக்குப் பக்கத்தில், அவள் தலைக்கு மேலே, விடாமல், டக், டக். ஜன்னல் கண்ணாடியில் அவள் வட்டத்துக்கு மேலே, உயரமான ஆளின் வாய் வருகிற இடத்தில், இன்னொரு வட்டம் பூத்துக்கொண்டிருந்தது.