மேடையில் கொதித்த சொதி

மழைக்குப் பயந்து பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்துக்குள் ஓடிவந்த மீனலோசனி, டீ போடும் மண்ணெண்ணெய் அடுப்பைத் தூக்கிவந்தவன் மேல் நன்றாக மோதிக்கொண்டாள்.

“பாத்து வரக்கூடாதா?”

“அடுப்பு மறைச்சிருச்சுலா... மன்னிச்சிக்குங்க. நீங்களும் நாடகத்துக்கா?”

இமையில் மழைத்துளி... அதன் கீழே சிரிக்கும் கண்கள். கோபம் போன இடம் தெரியவில்லை அவளுக்கு.

அவன் சபாபதி. கேரி தீவுத் தோட்டத்தில், தொழிலாளி வீட்டில் பிறந்தவன். கிள்ளானில் லோரிப் பட்டறையில் வேலை. எண்பத்து நான்காம் வருஷம் அது. அந்த நாடகக் குழுவில் கதை எழுதித் தர ஆளில்லை. ஆளுக்கொரு வீட்டுக் கதையைச் சொல்லி, எல்லோருமாக நடித்துப் பார்த்துத்தான் நாடகம் பிறக்க வேண்டும்.

மீனலோசனி தன் வீட்டைச் சொன்னாள். அக்கா பூரணம் தோட்டத்துப் பையனைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து யாழ்ப்பாணத்து அப்பா சண்முகரத்தினம் அவள் பெயரையே எடுப்பதில்லை. அக்காவுக்குப் பிடித்த தேங்காய்ப்பால் சொதியும் அடுப்பேறுவதில்லை.

அதுவே நாடகமானது. சபாபதி அப்பா, அவள் இளைய மகள்; மேடையிலேயே சொதி வைத்து அவள் பரிமாற, அப்பா தட்டைத் தள்ளிவிடுவார். ஒத்திகைதோறும் பயம் வளர்ந்தது. வீட்டுக் கதை மேடையேறுவது அப்பாவுக்குத் தெரிந்தால்... அதைவிட, ஒத்திகைச் சொதிக்குத் தேங்காய் துருவும் அவன் விரல்களை விட்டு இவள் கண் நகர மறுத்ததே, அது இன்னும் பெரிய பயம். அக்கா போன அதே வழியல்லவா...

“நாடகம் முடிஞ்சதும் உங்க வீட்டுக்கு வந்து பேசட்டுமா?” என்றான் ஒருநாள்.

“வேணாம். இனிமே எங்கிட்ட பேசாதீங்க.”

ரோஷக்காரன். அதற்குப் பிறகு வசனம் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை.

அரங்கேற்றத்தன்று திரை விலகியது. மூன்றாம் வரிசையில்... அப்பா. வரவேண்டாம் என்று கெஞ்சியிருந்தும் வந்திருந்தார். அவள் ஊற்றிய சொதி தட்டுக்கு வெளியே சிந்தியது. தட்டைத் தள்ளிவிட வேண்டிய சபாபதி, அவள் முகத்தைப் பார்த்தான். தள்ளவில்லை. பிசைந்து ஒரு வாய் சாப்பிட்டான்.

“நல்லாருக்கும்மா... உங்கக்காவையும் வரச்சொல்லு.”

ஒத்திகையில் இல்லாத வசனம். அப்பா எழுந்து வெளியே போய்விட்டார்.

திரை விழுந்ததும் அவள் ஓடினாள். வாசலில், மழையைப் பார்த்தபடி நின்றிருந்தார் அவர்.

“பூரணம் இப்ப எங்க இருக்கிறாள், பிள்ளை?”

“பந்திங்கில, அப்பா...”

அவர் தலையாட்டினார். காரில் போய் உட்கார்ந்தார்.

பின்னால் சபாபதி.

“ஏன் வசனத்தை மாத்துனீங்க?”

“நீங்க சொதிய சிந்துனத பாத்துட்டு... எனக்கு வேற ஒண்ணும் தோணல.”

“எனக்கு இன்னும் பயமா இருக்கு. அவரு மனசுல என்ன இருக்குன்னே தெரியல.”

“எனக்கும் பயமாத்தான் இருக்கு, மீனா.”

காரின் விளக்கு எரிந்தது. அவள் படியில் இறங்கி, திரும்பினாள்.

“இப்ப கார்ல ஏறுனதும் அப்பாகிட்ட சொல்லப்போறேன்... எனக்கு உங்களைப் புடிச்சிருக்குன்னு. பயந்துகிட்டேதான் சொல்லப்போறேன்.”