சத்தியம் வேண்டாம்

"அடிபட்ட கையைக் காட்டச் சொன்னேன். இது நல்ல கை!"

ஐரீன் அதட்டியதும் கஸ்பார் திருதிருவென்று விழித்தான். வெளியே ராயபுரம் முழுக்க மழை... உள்ளே, கோயில் மருந்தகம் முழுக்கச் சாராய நெடி! மதுவிலக்கை எடுத்துக் கடைகள் திறந்த புதிது. துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டும் இந்த இருபத்திரண்டு வயதுக்காரனுக்கு வேலை முடிந்தால் போக்கிடம் அதுதான்.

கட்டுப் போட்டதும் அவனே மாதா படத்தை நோக்கிக் கை நீட்டினான்.

"சத்தியம் பண்ணணும், அதானே? ஹில்டா சிஸ்டராண்ட எத்தினியோ வாட்டி பண்ணிக்கீறேன். ஒண்ணும் நிக்கல."

குடித்துவிட்டு அடிபட்டு வருகிறவர்களிடம் இரண்டு வார்த்தை பேசி அனுப்புவது ஐரீனின் வேலை. மருந்தகத்தை நடத்தும் ஹில்டா சிஸ்டர் சத்தியம் வாங்கித்தான் அனுப்புவார். அவளுக்கு ஏனோ அது பிடிப்பதில்லை.

"சத்தியம் வேணாம். குடிக்கிறதுல உங்களுக்குப் பிடிச்சது என்ன, பிடிக்காதது என்ன? அதைச் சொல்லுங்க."

அவனை யாரும் இப்படிக் கேட்டதில்லை போலும். நனைந்த இமைகளை உயர்த்திப் பார்த்தான்... அடேயப்பா, என்ன கண்கள்! பஞ்சை எடுக்கிற சாக்கில் ஐரீன் திரும்பிக்கொண்டாள்.

"தோஸ்துங்களோட சிரிக்கிறது புடிக்கும். காலைல அம்மா மூஞ்சியப் பாக்கறது... புடிக்காது."

காயம் ஆறியும் சனிக்கிழமைதோறும் வந்தான். குடி மெல்லக் குறைந்தது, பிறகு நின்றேபோனது. சனிக்கிழமைகளில் மட்டும் ஐரீன் மல்லிகை வைத்துக்கொண்டாள். அது ஹில்டா சிஸ்டர் கண்ணில் படாமல் இருக்குமா?

ஒருநாள் ஐரீன் அவனிடம் கேட்டேவிட்டாள். "யாருக்காக நிறுத்துனீங்க?"

"உனக்கோசரந்தான்!"

மனசு குளிர்ந்தது. மறுநொடியே பயம் பிடித்துக்கொண்டது.

"அப்போ என்மேல கோவம் வந்தா மறுபடி கடைக்குப் போவீங்களா?"

"இன்னாமே, நம்பிக்கை இல்லியா?" விருட்டென்று எழுந்து போய்விட்டான்.

அந்த வாரம் போயிற்று, அடுத்த வாரமும் போயிற்று. அவன் வரவில்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா... பாவி, கடையிலேயே கிடக்கிறானோ... ஐரீனுக்குச் சோறு இறங்கவில்லை.

பிறகு ஒரு சனிக்கிழமை, வெள்ளைச் சட்டை சொட்டச் சொட்ட வாசலில் வந்து நின்றான்.

"குடிச்சீங்களா?" அவள் வாசலுக்கே ஓடி வந்து கேட்டாள்.

"கடை வாசல் வரிக்கும் போனேன். கோவம் உம்மேல, குடி கெடுக்கறது என்னையா? திரும்பிட்டேன். உன்ன பாக்காம இருந்து பாத்தேன், ஐரீன். குடிக்காம இருக்க முடியுது..."

"அப்புறம்?"

"உன்ன பாக்காமத்தான் இருக்க முடியல."

அழுகையும் சிரிப்பும் அவளுக்குச் சேர்ந்தே வந்தன.

"எனக்கும்தான்..." என்றாள் ஐரீன். "நாளைக்குப் பூசை முடிஞ்சதும் வீட்டுக்கு வந்து அப்பாகிட்டக் கேளுங்க."