ஆறு மணிக்குத் தணியும் விளக்கு

ஸ்ரீரங்கம் கீழச்சித்திரை வீதியில் அந்த வீட்டுக் கதவைத் தட்டியபோது பெனடிக்டுக்கு ஒரே ஒரு வேலைதான். சர்வீஸ் என்று சொல்லி உள்ளே போக வேண்டும். ஹால் விளக்கிலிருந்து தன் போனின் தொடர்பை யாருக்கும் தெரியாமல் நீக்கிவிட்டு நழுவ வேண்டும்.

மணி ஐந்தரை.

"வாங்கோ தம்பி. நான் கூப்பிடவே இல்லையே?"

ஆனந்தவள்ளி ஸ்கூல் டீச்சர். கணவர் ஹரிஹரசுதன் இறந்து எட்டு மாதம். போனிலேயே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அந்த விளக்கை இரண்டு வாரத்துக்கு முன் மாட்டியவன் பெனடிக்ட்தான். சோதித்துப் பார்க்கத் தன் போனையும் இணைத்தான். அந்த இணைப்பை நீக்க மறந்துவிட்டான்.

தில்லைநகர் கடைக்குத் திரும்பியதும் கூட வேலை செய்யும் இன்னாசிராஜ் அதைக் கண்டுபிடித்தான். "டேய், வெளிச்சத்தை இறக்குடா. அந்தம்மா பயப்படட்டும்." அன்றிலிருந்து தினமும் ஆறு மணிக்கு, டீ வரும் நேரத்தில், ஸ்ரீரங்கத்து விளக்கைப் பாதிக்கு இறக்கினார்கள். அவள் நடுங்கிப்போய் போன் பண்ணினாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "வோல்டேஜ் பிரச்சனை மேடம்" என்றான் பெனடிக்ட்.

பத்தாம் நாள் மறுபடி போன். "தம்பி, அதைச் சரி பண்ண வேண்டாம்." குரலில் அவ்வளவு சந்தோஷம். அதற்கப்புறம் அவனுக்கு டீ இறங்கவில்லை.

இப்போது அவனுக்குக் காபி கொடுத்துவிட்டு, காலியாகக் கிடந்த பிரம்பு நாற்காலி முன்னால் இன்னொரு டம்ளரை வைத்தாள்.

"அவர் ஆபீஸ்லேர்ந்து ஆறு மணிக்கு வருவார். வந்ததும் தலைவலி. நெத்தில தைலத்தைத் தேச்சுண்டு, 'வள்ளி, விளக்கைத் தணி'ம்பார். இப்போ அவரே தணிச்சுக்கறார்." சின்னதாய்ச் சிரித்தாள். "பெங்களூர்ல நல்ல வேலை வந்திருக்கு. இன்னிக்குள்ள பதில் சொல்லணும். வரலைன்னு சொல்லிடப்போறேன். அவர் வந்து வெறும் வீட்டைப் பாக்கப்படாதே?"

அவன் டம்ளரைக் கீழே வைத்தான்.

"மேடம்... அது நான்தான்."

"எது?"

"வெளிச்சத்தக் கொறச்சது. கடையிலேருந்து. சும்மா, வெளையாட்டுக்கு."

அவள் அண்ணாந்து விளக்கைப் பார்த்தாள்.

"சிரிச்சேளா?"

"சிரிச்சோம் மேடம்."

அதற்கு மேல் அவள் முகத்தைப் பார்க்க அவனால் முடியவில்லை. தன் போனை அணைத்து அவள் கையில் கொடுத்தான். மெயினை நிறுத்தினான். ஸ்டூல் மேல் ஏறி, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் சின்னப் பெட்டியைக் கழற்றி, ஒயரை நேராக இணைத்தான். மெயின் சுவிட்சை மறுபடி போட்டதும் விளக்கு முழுசாக எரிந்தது.

"இனிமே சுவிட்ச் போட்டா எரியும், அணைச்சா அணையும். அவ்வளவுதான். நீங்க பெங்களூர் போங்க மேடம்."

சுவர்க் கடிகாரம் ஆறு அடித்தது.

எங்கிருந்தோ தைல வாசனை வந்தது.

பிரம்பு நாற்காலி மெல்ல முனகியது, யாரோ களைத்துப்போய் உட்கார்ந்த மாதிரி.

விளக்கு தணிந்தது.

பாதி. அவன் இத்தனை நாள் வைத்த அதே பாதி.

ஆனந்தவள்ளி தன் கையிலிருந்த அணைந்த போனைப் பார்த்தாள். பிறகு அவன் கையிலிருந்த பெட்டியை.

"பொய் சொல்லியா என்னை இங்கேர்ந்து கிளப்பப் பாத்தே?"

"இல்ல மேடம், சத்தியமா..."

"உஷ்ஷ்! அவருக்குத் தலைவலி."

அவனுடைய போனை ஸ்டூல் மேல் வைத்துவிட்டுத் தன் போனை எடுத்தாள். அடிக்குரலில் பேசினாள். "சார், நான் வரலை."

மறுநாள் தில்லைநகர் கடையில் ஆறு மணிக்கு டீ வந்தது. வாசல் பக்கத்திலிருந்து விளக்குகள் ஒவ்வொன்றாகப் பாதிக்குத் தணிந்துகொண்டே வந்தன.

"டேய், போதும்டா. கஸ்டமர் இருக்காங்க," என்றான் இன்னாசிராஜ்.

பெனடிக்டின் இரண்டு கைகளும் டீ கிளாஸைப் பிடித்திருந்தன.

அவன் தலைக்கு மேல் இருந்த விளக்கு மட்டும் தணியவில்லை. அதன் வெளிச்சம் ஏறிக்கொண்டே போனது. கடையில் இருந்த அத்தனை பேரும் அவன் முகத்தையே பார்த்தார்கள். அவன் தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

டீயில் தைல வாசனை அடித்தது.