கழன்று போன பெயர்

தேர்தலுக்கு ஆறு நாள் இருக்கும்போது, ரோசலிண்ட் ஹேக் சொட்டச் சொட்ட நனைந்த குடையோடு லோமாக்ஸ் வீட்டுக் கதவைத் தட்டினார். ஹாதர்ஸ்லி ஊரில் கட்சிக் கிளையின் தலைவி அவர். லோமாக்ஸ் ஓய்வு பெற்ற போலீஸ் அதிகாரி. வீடே தீப்பிடித்தாலும் தேநீரைக் குடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். அவருடைய நண்பர், பழைய தபால்காரர் டெஸ்மண்டுக்குத்தான் எல்லாவற்றுக்கும் அவசரம்.

"ஐயாயிரம் பவுண்டுக்கு மேல நன்கொடை குடுத்தவங்க பேரைப் பித்தளைத் தகட்டுல பொறிச்சு ஆபீஸ் சுவத்துல மாட்டியிருக்கோம். அதுல எட்னா டிரான்டர் பேரை மட்டும் யாரோ கழட்டிட்டுப் போயிட்டாங்க," என்றார் ரோசலிண்ட். "எதிர்க்கட்சிப் பசங்கதான். நாலு பேர் மேல சந்தேகம் இருக்கு. யாருன்னு சொல்லுங்க, ஆனா வெளிய தெரியக் கூடாது. எட்னாகிட்டகூட நான் சொல்லல."

ஆபீஸ் பூட்டு உடையவில்லை. மேல் வரிசையில், ஊரையே வளைத்துப் போட்ட கட்டுமான முதலாளி கிராண்டிசனின் பெயர் பெரிதாக மின்னியது. கீழ் வரிசையில் ஓர் இடம் காலி. தகடு போயிருந்தாலும் நான்கு திருகாணிகளும் அதனதன் துளையில் திரும்ப முடுக்கப்பட்டிருந்தன. சமையலறையில் ஒரே ஒரு கோப்பை, கழுவித் துணியின்மேல் கவிழ்த்து வைத்திருந்தது.

"எதிர்க்கட்சிக்காரன்னா கிராண்டிசன் பேரைல்ல சார் பேத்திருப்பான்!" என்றார் டெஸ்மண்ட்.

"பரவாயில்லையே, மூளை வேலை செய்யுதே," என்றார் லோமாக்ஸ்.

அடுத்து எட்னாவின் வீடு. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் அவள். கட்சி ஆபீஸில் தேநீர் போடுவதும் அவள்தான், சாவியும் அவளிடம் உண்டு. வீட்டுக்குள்ளேயே கனத்த கோட்டும் கம்பளித் தொப்பியும் போட்டிருந்தாள். பேசும்போது வாயிலிருந்து புகை வந்தது. கணப்பு எரியவில்லை. லோமாக்ஸ் அவளை மதியம் ஆபீசுக்கு வரச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

மதியம் லோமாக்ஸ், டெஸ்மண்ட், ரோசலிண்ட், எட்னா நால்வரும் அந்தச் சுவருக்கு எதிரே உட்கார்ந்தார்கள்.

"திருடறவன் திருகாணியைத் திரும்ப மாட்ட மாட்டான். கோப்பையைக் கழுவிக் கவுத்தவும் மாட்டான்," என்றார் லோமாக்ஸ். "இது இந்தச் சமையக்கட்டுல பழகின கை. எட்னாம்மா, உங்க பேரை நீங்களேதான் கழட்டினீங்க."

எட்னா கைப்பையைத் திறந்து தகட்டை மேசைமேல் வைத்தாள். லோமாக்ஸ் ரோசலிண்ட் பக்கம் திரும்பினார்.

"குளிருக்குக் கணப்பு போட முடியாதவங்க ஐயாயிரம் பவுண்டுக்கு எங்க போவாங்க? ஊர்ல அப்படி அள்ளிக் குடுக்கக்கூடியவர் கிராண்டிசன்தான்; அவரே தன் பேரை ஒளிச்சார்னா, அது அவரோட வெளிநாட்டுக் கம்பெனிப் பணமாத்தான் இருக்கணும். அதைக் கட்சி வாங்குறது சட்டவிரோதம். அதான் இந்த நாட்டுல இருக்கிற ஒருத்தர் பேர் தேவைப்பட்டுச்சு. ரோசலிண்ட், நாலு பேரைச் சந்தேகப்பட்டீங்க. ஆனா யார் பேர் காணாமப் போச்சோ அவங்களை ஒரு வார்த்தை கேக்கல. கேட்டா என்ன சொல்லுவாங்கன்னு உங்களுக்குப் பயம்."

ரோசலிண்டின் முகம் சிவந்தது. "துண்டறிக்கை அடிக்கக்கூடக் காசில்ல. எல்லாரும் செய்றதுதானே..." என்று ஆரம்பித்தவர், எட்னாவைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"பேரு மட்டும் போதும்னீங்க, குடுத்தேன்," என்றாள் எட்னா. "என் தங்கச்சி மேவிஸ் கேஸ் பில் கட்டக் கொஞ்சம் பணம் கேட்டா. இல்லைன்னேன். நிஜமாவே இல்ல. அப்புறம் இந்தச் சுவத்தைப் பாத்துட்டா. கட்சிக்கு அள்ளிக் குடுப்பே, கூடப்பொறந்தவ குளிர்ல சாகணுமான்னு கேட்டுட்டுப் போனவதான், இன்னும் பேசல. நாப்பது வருஷமா வீடு வீடாக் கதவைத் தட்டி, நான் எட்னா, நம்ம கட்சிக்கு ஓட்டுப் போடுங்கன்னு சொன்ன பேரும்மா இது. இப்ப வெளிய சொல்லவே கூசுது."



"நீங்களா சொன்னா தேர்தல் போகும்," என்றார் லோமாக்ஸ். "சொல்லலேன்னா இந்தப் பொய் எட்னா தலையில நிக்கும். அவ்வளவுதான்."

ரோசலிண்ட் தகட்டை எட்னாவின் பக்கம் நகர்த்தினார். பிறகு தொலைபேசியை எடுத்துத் தேர்தல் ஆணையத்தின் எண்ணை அழுத்தினார்.

"ஒரு நன்கொடை பத்தி... உண்மையைச் சொல்லணும்."

"சொல்லுங்க மேடம். முதல்ல உங்க பேர்?"

எத்தனையோ மேடைகளில் உரக்கச் சொன்ன பெயர்தான். அன்று அது அவர் வாயிலிருந்து வர நேரமாயிற்று.