நகலின் சம்மதம்

உயிருள்ள மனிதர்களைச் சோதிக்க அனுமதி கேட்டு மங்கையர்க்கரசி கொடுத்த மனு மறுபடியும் திரும்பி வந்தது. ஆய்வு நெறிக் குழுவின் தலைவர் சிதம்பரநாதனிடம் நேரிலேயே கேட்டுவிடுவதென்று கிளம்பினாள்.

உளவியல் ஆய்வுக்கு ஆட்களை அழைத்து உட்காரவைக்கும் வழக்கம் எப்போதோ ஒழிந்திருந்தது. இப்போது ஒவ்வொருவருக்கும் ஒரு மனநகல் இருந்தது. அமைதியான அறையில் தனியே அமர்த்தி, மூளையைப் படித்து எடுத்த பிரதி. மிரட்டுவது, ஏமாற்றுவது, அவமானப்படுத்துவது எல்லாம் நகலோடு முடிந்துவிடும். மனிதருக்கு ஒரு கீறல் விழாது. அந்த முறையை உருவாக்கியவளே மங்கையர்க்கரசிதான். மனிதர்மேல் சோதனை கூடாது என்று சட்டம் வரப் போராடியவளும் அவள்தான்.

கடலோர ஊர்களுக்கான வெள்ள எச்சரிக்கைச் சங்கையும் நகல்களிடம்தான் சோதித்தார்கள். சங்கு ஊதியதும் அத்தனை நகல்களும் மேட்டுப் பக்கம் ஓடின. அதை நம்பி, முதலில் சில ஊர்களில் பொருத்த அவளே ஒப்புதல் கொடுத்தாள். போன புயலில் முத்தரசன்பட்டினத்தில் அது நிஜமாகவே ஊதியபோது அவள் அங்கே இருந்தாள். சனங்கள் மேட்டுக்கு ஓடவில்லை. கடலுக்குப் போனவர்கள் திரும்பினார்களா என்று பார்க்கக் கரைக்கு ஓடினார்கள். ரெஜினாள் என்ற பெண்ணின் கையைப் பிடித்து மங்கையர்க்கரசி இழுத்தாள். ரெஜினாள் உதறிக்கொண்டு ஓடினாள், திரும்பவில்லை. அவள் புருஷனோ அதற்கு முன்பே பக்கத்து ஊரில் கரையேறியிருந்தான்.

தனியறையில் எடுத்த நகலுக்குத் தேடிப்போக யாருமில்லை என்பது அன்றுதான் மங்கையர்க்கரசிக்கு உறைத்தது. ஊருக்குள் ஒத்திகையாகச் சங்கை ஊதிப் பார்க்க வேண்டும். என்ன அறிவித்தால் சனங்கள் மேட்டுக்குப் போவார்கள் என்று கண்டுபிடிக்க வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

சிதம்பரநாதன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“புயல்ல நடந்தது இயற்கைச் சோதனை, டாக்டர். மழை, காத்து, பயம்னு எல்லாம் கலந்து கெடக்கு. எதனால ஓடினாங்கன்னு எப்படிப் பிரிச்சுச் சொல்வீங்க?”

“பிரிச்சுப் பாக்கத்தான் களச்சோதனை கேக்கறேன்.”

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். மறுப்பை அனுப்புவதற்கு முன் அவளுடைய நகலிடமே அதைச் சொல்லிப் பார்த்ததாகவும், அது அமைதியாக ஏற்றுக்கொண்டதாகவும் சொன்னார். அந்த நகல் புயலுக்கு முன்பு எடுத்தது. அதற்கு ரெஜினாளைத் தெரியாது.

மங்கையர்க்கரசி மேசையை ஓங்கி அறைந்தாள். “நான் ஏத்துக்கலையே. உங்க கண்ணு முன்னாடிதானே நிக்கறேன்.”

“ஒருத்தர் மாறி நடந்துக்கிட்டா அது விதிவிலக்கு. நூத்துக்கணக்கான பேர்கிட்ட இப்படி வந்தாத்தான் நகல் தப்புன்னு சொல்ல முடியும்.”

“அந்த நூத்துக்கணக்கான பேரைச் சோதிக்கத்தானே சார் அனுமதி கேக்கறேன்?”

அவர் அவளை இரக்கத்தோடு பார்த்தார். அவள் கோபத்தையும் நகலின் முன்வைத்துக் கருத்துக் கேட்பதாக உறுதி சொன்னார். உதட்டைக் கடித்துக்கொண்டு அவள் வெளியேறினாள்.

லிப்ட் கீழே இறங்குவதற்குள் கைபேசியில் பதில் வந்துவிட்டது. அவளுடைய நகல் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டிருந்தது. மனுதாரர் துயரத்தில் இருக்கிறார், அவருடைய முடிவுகளைச் சிறிது காலம் அவருக்குப் பதிலாக நகலாகிய தானே எடுப்பது நல்லது என்று பரிந்துரைத்திருந்தது. குழு அதை ஏற்றுக்கொண்டதாம்.

அவள் மறுபடியும் மேலே போகப் பொத்தானை அழுத்தினாள். அனுமதி இல்லை என்றது லிப்ட். எஞ்சியிருந்த கடலோர ஊர்கள் எல்லாவற்றிலும் அதே சங்கைப் பொருத்த, அவள் பெயரில் நகலின் ஒப்புதல் அப்போதே போய்விட்டிருந்தது.