ஒரு நூல் இடப்பக்கம்

கோடு நகர்ந்திருந்தது.

முந்தின நாள் சாயங்காலம் உள்ளறையில் சிபியு பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி மேசைமேல் கிடத்தி, மாஸ்கிங் டேப் என்னும் காகித டேப்பை வரிசை வரிசையாக ஒட்டி, அதன்மேல் காம்பஸ் வைத்து அவன் வரைந்த வட்டம் இப்போது ஒரு நூல் அளவு இடப்பக்கம் தள்ளி இருந்தது. வேறு யாராக இருந்தாலும் கண்ணில் பட்டிருக்காது. அச்சகத்துக்குப் புரூஃப் திருத்திக் கொடுப்பது அவன் பிழைப்பு. ஒரு வரி மயிரிழை தாழ்ந்து நின்றால்கூடப் பக்கத்தைப் புரட்டும்போதே உறுத்திவிடும். பழைய வட்டத்தின் தடம்கூட டேப்பில் இல்லை. அழித்த அழுக்கு இல்லை, ரப்பர் துகள் இல்லை. புதிய வட்டத்தின் கோடு மட்டும் அவன் கோட்டைவிட மெல்லியதாக, நடுங்காத கையால் போட்டதாக இருந்தது.

இந்த வேலையை இழுத்துவிட்டது மனைவியின் அண்ணன். கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவர். சூடேறி நடுவேலையில் அணைந்துவிடும் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு உச்சுக் கொட்டினார்.

"உள்ள காத்தே போகல மாப்ள. பக்கத்துல ஒரு ஓட்டை போட்டு ஃபேன் வைங்க. அப்படியே ஒரு கண்ணாடி ஜன்னல் வெட்டி லைட்டும் போட்டீங்கன்னா, கல்யாணத்துக்குப் பொறப்பட்ட மாதிரி நிக்கும் பெட்டி."

"எனக்குப் பேனா புடிக்கத்தான் தெரியும் மச்சான்."

"பேனா புடிச்ச கை டிரில் புடிக்காதா? உள்ள இருக்கிறத எல்லாம் மொதல்ல கழட்டி வெச்சிடுங்க. டேப் ஒட்டி அதுமேல கோடு போடுங்க. நடுவுல பஞ்ச் வெச்சு ஒரு தட்டு. அந்தக் குழி இல்லேன்னா டிரில் வழுக்கும். ஆரம்பத்துல மெதுவா ஓட்டுங்க. அவ்வளவுதான் வித்தை."

டிரில்லையும் நாலு அரங்களையும் கொடுத்துவிட்டுப் போனார். மற்றவர்கள் எழுதியதில் சிவப்பு மை தொட்டே காலத்தைக் கழித்தவனுக்கு, தானாக ஒன்றைச் செய்யப்போகிறோம் என்ற நினைப்பே இனித்தது. இப்போது யாரோ அவன் வட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள்.

யாரோ என்ன யாரோ. வீட்டில் இருப்பது அவனும் மனைவியும், இரண்டே பேர். அவள் முன்னறையில் தையல் மெஷின் போட்டுத் தெருவில் பாதிப்பேருக்குத் தைத்துக் கொடுப்பவள். அளப்பதும் கோடு போடுவதும் வெட்டுவதும் அவள் தொழில்.

"என் கோட்டத் தொட்டியா?"

"எந்தக் கோட்ட? எனக்கு என் கோடே தலைக்கு மேல கெடக்கு." வாயில் குண்டூசி இருந்ததால் உதடு பிரியாமல் சொன்னாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்ததை அவன் மனதில் குறித்துக்கொண்டான்.

ஸ்கேலை வைத்து அளந்து பார்த்தான். அவன் போட்டிருந்த இடத்தில் வெட்டியிருந்தால் உள்ளே இருக்கும் சட்டத்தில் ஃபேன் இடித்திருக்கும். புதிய வட்டம் சரி. மிகச் சரி. கொஞ்ச நேரம் டிரில்லைக் கையில் வைத்துக்கொண்டே நின்றான். பிறகு அந்தக் கோட்டின்படியே வெட்டினான்.

வெட்டிய விளிம்பு ரம்பப் பல்லாக இருந்தது. நாளைக்கு அரம் போடலாம் என்று விட்டுவிட்டுக் கைகழுவப் போனான். மறுநாள் விளிம்பு, நாக்கால் நக்கி வைத்ததுபோல் வழவழவென்றிருந்தது. இரும்புத் தூள் முழுவதும் ஒரு காகிதத்தில் கூட்டி, சின்னக் கோபுரமாகக் குவிக்கப்பட்டிருந்தது. அறையில் சூடேறிய இரும்பின் வாசனை, பல்லில் கூசும் அந்த வாசனை, ஜன்னலைத் திறந்துவைத்தும் போகாமல் திரைச்சீலையிலும் மேசை விரிப்பிலும் அவன் சட்டைக் காலரிலும் ஒட்டிக்கொண்டிருந்தது.

அவள் காபி கொண்டுவந்து வைத்தபோது கையைப் பிடித்து முகர்ந்தான். சோப்பு. அடியில் மெஷின் எண்ணெய். அது எப்போதும் இருப்பதுதான். என்றாலும்.

"என்னங்க இது, வேட்டை நாய் மாதிரி?" என்று சிரித்தாள். அவன் சிரிக்காததைக் கண்டு அவளும் நிறுத்திக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவன் கேட்காமலே டேப் வந்தது. பீரோ கதவில் ஒரு துண்டு, குளியலறைக் கதவின் உட்புறத்தில் ஒன்று, கட்டிலின் தலைப்பலகையில் இரண்டு. ஒவ்வொன்றிலும் ஒரே அளவில், ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு வட்டம். அவன் டேப்பைப் பல்லால் கடித்துக் கிழிப்பவன். இந்தத் துண்டுகளின் முனை கத்தரியால் வெட்டியது. வீட்டில் ஒரே கத்தரிதான் உண்டு.

அவன் அதை எடுத்து ஒளித்து வைத்தான்.

"கத்தரிய எங்க வெச்சீங்க? ஒரு கல்யாண ரவிக்கை பாதியில நிக்குது."

"நீ நிறுத்து, நான் தர்றேன்."

"எத நிறுத்தணும்?"

"வீடெல்லாம் டேப் ஒட்டுறத."

அவள் கையிலிருந்த துணியை மடியில் போட்டாள். முகத்தில் கோபம் வரும் என்று பார்த்தான். வந்தது கோபம் இல்லை.

"இவ்வளவு நாள் சொல்ல வேணாம்னு இருந்தேன். நான் தூங்குறேன்னு நெனச்சு நீங்கதானே தெனமும் எழுந்து அந்த ரூமுக்குப் போறீங்க?"

"நான் எழுந்ததே இல்ல."

"விளையாடாதீங்க. கட்டில் ஆடுது, காலடி கேக்குது, கதவு சாத்துற சத்தம் கேக்குது."

"சத்தியமா நான் எழுந்திருக்கல."

"அப்ப என் பக்கத்துலேருந்து எழுந்து போனது யாரு?"

அவன் அவளை நம்பலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தான். அவளும் அதையேதான் யோசிக்கிறாள் என்பது அவள் நாற்காலியைச் சற்றுப் பின்னால் இழுத்துக்கொண்டதில் தெரிந்தது.

மச்சானுக்குப் போன் போட்டான். வீட்டுக் கதையைச் சொல்லாமல் வட்டத்தின் அளவை மட்டும் சொன்னான்.

"அந்த அளவுக்கு ஃபேனே கிடையாது மாப்ள."

"பின்ன எதுக்கு?"

"வயர் விடுற ஓட்டையா இருக்கும். உள்ள இருக்கிறதுக்கு வெளியிலேருந்து வயர் குடுக்கணும்ல, அதுக்கு. ஆமா, யார் போட்டது?"

"சும்மா கேட்டேன்" என்று வைத்துவிட்டான்.

மறுநாள் மத்தியானம் பெட்டியையும் டிரில்லையும் அரங்களையும் டேப் சுருளையும் உள்ளறைக்குள் வைத்துப் பூட்டினான். சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். அவளிடம் கத்தரியைத் திருப்பிக் கொடுத்தான்.

"இன்னிக்கு நீயும் நானும் இங்கேயே உக்காந்திருப்போம். ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டு."

"சரி" என்றாள். அவளுக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

மழை பிடித்துக்கொண்டது. வெளியே ஓடுகிற தண்ணீரின் சத்தமும் தையல் மெஷினின் கடகடப்பும் ஒன்றோடொன்று பின்னி, கேட்கக் கேட்கக் கண் செருகியது. அவன் மடியில் புரூஃப் தாள்கள் இருந்தன. ஒரு வரியும் ஓடவில்லை. சுவரோரம் நிழல் ஏறியது. யாரும் எழுந்திருக்கவில்லை. தண்ணீர் குடிக்கக்கூடப் போகவில்லை. சாயங்காலம் விளக்கைப் போட அவள் கையை மட்டும் நீட்டினாள். வெகு நாளைக்குப் பிறகு அவனுக்கு நிம்மதியாக மூச்சு வந்தது. பாவம், இவளைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று நினைத்தான்.

அவள் நூலைக் கடிக்கக் குனிந்தாள்.

பின்னல் முன்பக்கம் சரிந்தது.

பின்கழுத்தில் டேப்.

நாலு முனையும் சுத்தமாக வெட்டிய டேப். அதற்கு மேலே, விரல் அகலத்துக்கு, முடி மழித்திருந்தது. டேப்பின்மேல் அதே அளவில் மெல்லிய வட்டம். நடுங்காத கை. வட்டத்தின் நடுவில் ஒரு புள்ளி. புள்ளி இல்லை. குழி. ரத்தம் இல்லை.

"அசையாத" என்றான்.

"என்ன, பல்லியா?"

உள்ளறையில் டிரில் ஓடியது.

மெதுவாக. மிக மெதுவாக. ஆரம்பத்தில் ஓட்டவேண்டிய வேகத்தில்.

அவன் கை சட்டைப்பைக்குப் போனது. சாவி இருந்தது. பூட்டு கண்ணெதிரே தொங்கியது.

"நீங்க இங்க இருக்கீங்க" என்றாள் அவள். கேள்வியாகக் கேட்கவில்லை.

அவன் எழுந்தான். அறைக்கதவைப் பார்த்துத் திரும்பினான். முதுகை அவளுக்குக் காட்டி நின்றான்.

பின்னால் மெஷின் நின்றது. நாற்காலி சரிந்து விழுந்தது.

"என்னங்க. அசையாதீங்க."

கையைத் தூக்கினான். பின்கழுத்தைத் தொட்டான். முடி இல்லை. காகிதம். காகிதத்தின் விளிம்பு நேர்.

டிரில் சத்தம் இப்போது உள்ளறையிலிருந்து வரவில்லை. கதவு பூட்டியபடியே இருந்தது. சத்தம் இந்தப் பக்கம் இருந்தது. அவனுக்கும் அவளுக்கும் நடுவில்.

விரல் நுனி குழியைக் கண்டுபிடித்தது. அதன் அடி எங்கே என்று மட்டும் தெரியவில்லை.